துரை வீட்டு நாயும் குப்பத்துக்காரியும்

துரைசானி சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஹாலந்திலிருந்து வந்த உலாந்தாக்காரர்களுக்குத் துபாஷியாகச் சேர்ந்து எனக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. துணிக்கட்டு, கப்பல், சரக்கு என்று அவர்கள் எதைப் பேசினாலும் தடுமாறாமல் தமிழில் சொல்லிவிடுவேன். அன்று மட்டும் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். இரண்டு முறையும் அதையேதான் சொன்னார். தன் நாய்க்கு உடம்பு பிடித்துவிட ஓர் ஆள் வேண்டும்.

அவருடைய கணவர் கிடங்குக்கு அதிகாரி. வேட்டைக்கென்று கப்பலில் வரவழைத்த நாய் அது, கன்றுக்குட்டி உயரம். ஒரு மாதமாகப் பின்னங்கால்கள் வராமல் போய், எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சுட்டுவிடலாம் என்று துரை முடிவு செய்துவிட்டார். துரைசானி ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் காட்டூரில் என் நைனா உழவு மாட்டுக்குத் தோள் தேய்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாயைத் தொட்டால் குளிக்கச் சொல்லும் வீடு எங்களுடையது.

கடலோரக் குப்பத்தில் சுளுக்கு எடுக்கிற ஒருத்தி இருப்பதாகச் சொன்னார்கள். வலை இழுத்துத் தோள் பிசகியவர்கள் அவளிடம்தான் போவார்களாம். மனுஷருக்கு வைத்தியம் செய்கிற கையை நாய்மேல் வைக்கச் சொன்னால் மீன் கழுவின தண்ணீரை என் முகத்தில் ஊற்றுவாள் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

நாற்பது வயதிருக்கும். மணலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஐயா, கோட்டையிலேர்ந்தா?"

"ஆமா. துரை வீட்டு நாய்க்குப் பின்னங்கால் வரல. உருவிவிடணுமாம்," என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு காலா, ரெண்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டும்," என்றேன்.

துரை வீட்டுக்கு வந்ததும், கல்தரையில் கிடந்த நாயை வெயிலில் பாய் போட்டுக் கிடத்தச் சொன்னாள். துரைசானி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். "வேணான்னு சொல்லுங்க. எண்ணெய் வச்சா நக்கிடும். வெறுங்கை போதும்." உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்து நாயின் மூக்கருகே வைத்தாள். அது உறுமியது. அவள் கையை எடுக்கவுமில்லை, நீட்டவுமில்லை. உறுமல் அடங்கின பிறகுதான் கழுத்தில் வைத்தாள். அங்கிருந்து முதுகோடு இறங்கி, இடுப்பைச் சுற்றி, தொடைச் சதையை மெல்லப் பிடித்துப் பிடித்து விட்டாள். நாய் நீளமாக மூச்சு விட்டுத் தலையை அவள் மடியில் சாய்த்தது.

இடது பாதத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. விரலிடுக்கை அழுத்திப் பிதுக்கினாள். சீழோடு ஒரு கருவேல முள் வந்தது.

"இது குத்தியிருந்ததால இந்தக் கால ஊனல. ஊனாம ஊனாம இடுப்பு புடிச்சிக்கிச்சி. எல்லா பாரத்தையும் தாங்கித் தாங்கி அந்தக் காலும் ஓஞ்சி போச்சி."

நான் அதை மொழிபெயர்த்தபோது துரைசானி வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மாதமாக அந்த நாயை எத்தனை பேர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தட்டுப்படவில்லை.

அப்போதுதான் அவள் ஆடுசதையில் இருந்த தழும்பைப் பார்த்தேன். சதை ஒரு பிடி குழிந்து, பல் பதிந்த அடையாளங்கள் வரிசையாக இருந்தன.

"இது இன்னாம்மா?"

"இதோட பல்லுதான்." நாயின் காலிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "ரெண்டு வருசமாவுது. மீனு வாடை அடிக்குதுன்னு கோட்டை வாசல்ல காவல்காரங்க இத அவுத்துவுட்டாங்க. தலையில இருந்த கூட கவுந்து மீனெல்லாம் மண்ணாச்சி. நீங்களும் அங்கதான் நின்னுனு இருந்தீங்க. சிரிச்சீங்க."

அந்த நாள் நினைவிருந்தது. கூடையும் சிதறின மீனும் காவல்காரர்களின் சிரிப்பும் நினைவிருந்தன. அவள் முகம் மட்டும் நினைவில்லை.

"அப்பறம் எப்பிடிம்மா இதைத் தொடறீங்க?"

"அதுவாவா அவுத்துக்கிச்சி?" என்றாள்.

துரைசானி என்ன பேச்சு என்று கேட்டார். நான் காலைப் பற்றித்தான் என்று பொய் சொன்னேன்.

தினமும் காலையில் வந்தாள். மூன்றாம் நாள் நாய் நன்றாகத் தின்றது, வலியில் முனகாமல் தூங்கியது. ஐந்தாம் நாள் தானாக எழுந்து நின்றது. துரை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு சுடுகிற பேச்சே எழவில்லை. துரைசானி பாயில் உட்கார்ந்து, எங்கே அழுத்துவது, எங்கே விட்டுவிடுவது என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். குப்பத்துக்காரியின் கை துரைசானி கையைப் பிடித்து நாயின் இடுப்பில் வைத்ததைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரி அப்படியே நின்றுவிட்டாள். நாய் மேலும் இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தது.

கடைசி நாள் அவளைப் படகுத்துறை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் யோசித்ததை அங்கேதான் சொல்ல முடிந்தது.

"அன்னிக்கி நான் தடுத்திருக்கணும்."

"தடுத்திருக்கணும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. படகில் ஏறி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை வாசற்காவலர்களிடம் போனேன். மீன்காரிகள் வந்து போகிறவரை நாயைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். துரையின் உத்தரவா என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். துரைக்கு அது தெரியவே தெரியாது.