பன்னிரண்டாவது பாட்டு முடிந்ததும்

வேப்பந்தட்டைப் பக்கம் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் மைக் செட்டுக்குத் தர்மனைத்தான் கூப்பிடுவார்கள். காது என்றால் மனுசனுக்கு அப்படியொரு காது. தெருக்கோடியில் நின்றபடியே எந்தக் குழாய் ஸ்பீக்கரில் கரகரப்பு, எந்த ஒயர் லூசு என்று சொல்லிவிடுவான். இரண்டாயிரத்து ஒன்று ஆடியில், குழாய் கட்டத் தென்னை மரம் ஏறியவன் மட்டை பிய்ந்து கீழே வந்தான். பின்கழுத்தில் அடி. அதற்கப்புறம் கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும், ஆனால் விரல் எதையும் பிடிக்காது. அந்தப் பாழாய்ப்போன காது மட்டும் இருந்தபடியே இருந்தது.

முதல் வருசம் ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்ததில் அவனுக்கு மூச்சு முட்டும். நாலு சுவரும் நெஞ்சில் ஏறி உட்காருதென்று கத்துவான். பாட்டு ஓடினால் அடங்குவான். இதைக் கண்டுகொண்ட அன்றிலிருந்து அவன் மனைவி அம்சவள்ளி பாட்டை நிற்கவிட்டதில்லை. தொழிலில் மிஞ்சிய சிடி பிளேயரைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். ஒரு சிடியில் பன்னிரண்டு பாட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அது முடிந்ததும் மாவுக் கையோடோ சாணிக் கையோடோ ஓடிவருவாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த சிடியைப் போடுவாள். வந்தவள் சும்மாவா போவாள்? தலையணையை நேராக்குவாள், தண்ணீர் கொடுப்பாள், எதிர்வீட்டுக் கோழி நம் வைக்கோற்போரில்தான் முட்டையிடுகிறது என்று ஏதாவது ஒரு சேதி சொல்வாள். ஐந்து வருசம் இப்படித்தான் ஓடியது.

உண்மையைச் சொன்னால், தர்மனுக்குப் பாட்டு சலித்துப்போய் வெகுநாளாகிவிட்டது. பன்னிரண்டாவது பாட்டு எப்போது முடியும் என்றுதான் அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான். இதை வாய்விட்டுச் சொல்ல எந்த ஆம்பிளைக்கு மனசு வரும்?

இப்படியிருக்கும்போது அம்சவள்ளிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்கு உத்தரவு வந்தது. மூன்று வருசம் முன்பு மனுப் போட்ட வேலை. காலையில் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்ப முடியும், திங்கட்கிழமை சேர வேண்டும். மத்தியானம் வந்து கஞ்சி ஊட்ட அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் ஒத்துக்கொண்டாள். மணிக்கொரு தரம் சிடி மாற்ற அவளுக்கு எங்கே நேரம்? பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அம்சவள்ளியின் தம்பி மகேஷ், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சிடி பிளேயர் பக்கத்தில் வைத்தான். இருந்த நாற்பது சிடியையும் அதில் ஏற்றினான்.

"ஒண்ணரை நாளைக்கு வுடாம ஓடும் மாமா. யாரும் கிட்டயே வர வேணாம்."

சத்தம் சப்பையாக இருக்கிறது, சிடியில் இருக்கிற உயிர் இதில் இல்லை என்று தர்மன் ஒரே போடாகப் போட்டான். அவன் காதை யார் மறுத்துப் பேசுவது? மகேஷ் ஒயரை மாற்றினான், ஸ்பீக்கரை மாற்றினான், மேசையை நகர்த்திப் பார்த்தான். தர்மன் மசியவே இல்லை. வெள்ளிக்கிழமை அம்சவள்ளி, வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றாள். அதில் கோபம்கூட இல்லை. வேலைக்கென்று கஞ்சி போட்டு வைத்திருந்த புடவையை டிரங்குப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். மூடி விழுந்த சத்தத்தைக் கேட்டதும் தர்மனுக்கு முதலில் நிம்மதி வந்தது, அப்புறம் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மகேஷ் விடாக்கண்டன். மறுநாள் வந்து, ஒரே பாட்டை இரண்டு தடவை போடுகிறேன், எது சிடி என்று சொல்லுங்கள் என்றான். எல்லாம் தலைமாட்டில் இருந்ததால் தர்மனுக்குப் பார்க்க வழியில்லை. முதல் தடவை கேட்டான், இரண்டாம் தடவையும் கேட்டான். இரண்டும் ஒன்றேதான் என்று காது சொல்லிவிட்டது. வாய்க்குத்தான் அதைச் சொல்ல மனசில்லை.

"ரெண்டாவதுதான் சிடி. எப்படிக் கணீர்னு இருக்கு பாரு."

"ரெண்டுமே கம்ப்யூட்டர்தான் மாமா" என்று சொல்லிவிட்டு மகேஷ் வெளியே போனான்.

அம்சவள்ளி கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டு முடியாட்டி நான் வரமாட்டேன்னு பயந்துட்டீங்க. அதானே?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக்கூடக் கை வராது. முந்தானையால் அவள்தான் துடைத்தாள்.

"நானும் இதே நாலு செவுத்துக்குள்ளதாங்க அஞ்சு வருசமாக் கெடக்கேன்."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "போயிட்டு வா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் அடுக்களையில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். திங்கட்கிழமை காலையில், பாட்டிலில் சொருகிய டியூப்பை அவன் வாயருகே தொங்கவிட்டு, கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டுப் போனாள் அம்சவள்ளி. பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. பழக்கதோசத்தில் அவன் வாசல் பக்கம் காதைத் தீட்டினான். தலைமாட்டிலிருந்து வளையல் சத்தம் வந்தது.

"ஏங்க, தண்ணி குடிச்சீங்களா? டியூப்பு வாயோரந்தான் இருக்கு."

உடனே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. தர்மனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சைப் பதிந்து வைத்து ஏமாற்ற என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டார்களா என்று பல்லைக் கடித்தான். நிறுத்தலாமென்றால் கை எட்டாது. அடுத்த மணியிலும் அதே வளையல், அதே பேச்சு. மூன்றாவது தரம் கேட்டபோதுதான் அவன் காதில் அது விழுந்தது. பேச்சு முடிந்து பாட்டு தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அதில் விசும்பல் ஒன்று, பாதியில் விழுங்கப்பட்டிருந்தது. மகேஷுக்கு அது கேட்டே இருக்காது, கேட்டிருந்தால் வெட்டி எடுத்திருப்பான். நான்காவது மணியில் தர்மன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தான். வந்ததும், "குடிச்சேன் வள்ளி" என்று வெற்று வீட்டில் சொன்னான்.

மூன்றரைக்கு அவள் வந்தாள். புடவையில் சாம்பார் வாசம். நூற்றுப்பத்துப் பிள்ளைகள், ஒன்றுகூட முட்டையை மிச்சம் வைக்கவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். இப்படித் துள்ளும் குரலை அவன் கேட்டு ஐந்து வருசமாகியிருந்தது. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சத்தம் எப்படிங்க இருந்துச்சு?"

"சிடியவிட இதுதான் தெளிவா இருக்கு. அத எடுத்து வச்சிரு."

அவள் நாற்பது சிடியையும் அடுக்கி, புடவை இருந்த இடத்தில் வைத்தாள். டிரங்குப் பெட்டியின் மூடி விழுவதைக் கேட்டபடி தர்மன் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.