தம்பி சத்தமாகக் கேட்ட கேள்வி

விழுப்புரத்தில் அந்தத் தோல் டாக்டரின் அறைக்கதவு சரியாகச் சாத்தாது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே என் சித்தப்பா மகன், படர்தாமரைக்குக் களிம்பு எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருக்கப் போனவன், திரும்ப உட்கார்ந்தான். உரக்கடையில் யூரியா வந்துவிட்டதா என்று கேட்பவனைப் போல, "சார், எனக்குக் கைப்பழக்கம் இருக்குது. அடுத்த மாசம் கல்யாணம் வச்சிக்கினு இருக்கேன். ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றான். பக்கத்தில் நின்ற எனக்குக் காது மடல் சுட்டது. வெளியே யாரோ இருமினார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை, பதிலுக்காக டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் முதலில் எனக்குப் பார்த்த பெண். ஓமந்தூர்ப் பக்கம். பெண் பார்க்கப் போன அன்று காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள், கதவோரம் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பொருத்தமும் இருந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு பயம். நான் ஒல்லி, கன்னம் ஒட்டியிருக்கும். போனைத் திறந்தால் கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், முடி கொட்டும், குழந்தை பிறக்காது என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். யாரிடம் கேட்பது? மாதம் ஒரு நாள் விழுப்புரத்தில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம், முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு போனேன். அவர் நகத்தைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "நூறு சொட்டு ரத்தம் சேந்தாத்தான் ஒரு சொட்டு விந்து. நீ எல்லாத்தையும் விட்டுட்ட. இந்த லேகியத்த முடிக்காம கல்யாணம் பண்ணா அந்தப் பொண்ணு வாழ்க்கையும் சேந்து போச்சு" என்றார். அவள் வாழ்க்கை என்றதும்தான் நான் முழுசாக விழுந்தேன்.

வீட்டில் "தை பொறக்கட்டும்" என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. தையில் லேகியம் முடியவில்லை, "வைகாசில பாக்கலாம்" என்றேன். எங்கள் பக்கம் பிள்ளை வீட்டார் மறுபடியும் மாதம் தள்ளினால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். வாய்விட்டு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இருந்த பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. பெண் வீட்டார் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் குடும்பம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. சித்தப்பாவிடம் ஆள் விட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "உனக்கு மனசு இல்லன்னா தம்பிக்குப் பாக்கட்டுமாப்பா?" என்றார். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

தம்பி கேட்டதற்கு டாக்டர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் ஆவாது. ஆம்பள பொம்பள எல்லார்கிட்டயும் இருக்கிறதுதான். நரம்பும் தளராது, கொழந்த பொறக்கவும் தடையில்ல. ஒல்லியா இருக்கிறது, முடி கொட்டுறது, பரு வர்றது, எதுக்கும் அது காரணமில்ல. விந்து ரத்தத்துலேர்ந்து வடிச்சு எடுக்கிறது இல்லப்பா, ஒடம்பு தானா தெனமும் உண்டாக்கிக்கினே இருக்கும். வேல வெட்டிய விட்டுட்டு அதுவே கதின்னு ஆயிட்டாலோ, புண்ணு, வலின்னு இருந்தாலோ வா. மத்தபடி இதுக்கு மருந்தே கெடையாது, தேவையும் கெடையாது" என்றார்.

"சரிங்க சார்" என்று எழுந்துவிட்டான். அவ்வளவுதான். மாதக்கணக்கில் கசப்பை விழுங்கியும் எனக்குக் கிடைக்காத பதில், செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவனுக்குக் கிடைத்துவிட்டது. என்னைவிட அவனுக்கு எதுவும் அதிகம் தெரியாது. கேட்க வெட்கப்படவில்லை, அதுதான் வித்தியாசம். "ஜல்தி வாண்ணா, பசிக்குது" என்று வண்டியை எடுத்தான். திண்டிவனம் வரைக்கும் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிடித்துத் தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. டாக்டர் சொன்னது சரி என்பதற்கு என் மகளே சாட்சி. மனைவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும், விசேஷங்களில் தம்பியும் அவன் மனைவியும் பேசிச் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அவர்கள் பையனுக்குக் காது குத்து. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அவள் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அன்னிக்கி என்ன ஏன் வேணான்னீங்க?"

தம்பியாக இருந்திருந்தால் அங்கேயே, அந்தக் கூட்டத்தில் சொல்லியிருப்பான். நான், "ஜாதகம் சேரலன்னாங்கம்மா" என்றேன்.

"பொருத்தம் பாத்தது எங்கப்பாதான மாமா. எல்லாம் இருக்குதுன்னாரே."

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை மடித்துக்கொண்டே, "நான் கருப்பா இருக்கறதாலன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். நான் வாயெடுப்பதற்குள் தம்பி உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டான். அவள் போய்விட்டாள்.