மஞ்சள் டேப் ஒட்டிய குஞ்சு

காலை ஐந்தரைக்கு ஜெனிபர் ஒரு குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்தி, டியூப் லைட் வெளிச்சத்தில் அதன் காலைப் பார்க்கிறாள். பிறகு இறக்கையை விரித்து மூட்டைத் தடவுகிறாள். கடைசியாக மூக்கு. "ஓக்கே." கீழே விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். பன்னிரண்டையும் பார்த்து முடிக்காமல் அவளுக்குக் காபி இறங்காது. ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. பதினோரு வருஷமாக எட்டு மணி நேரம் நின்றபடி கைப்பிடிகளைத் திருப்பிப் பார்க்கிறாள். நல்லதற்குப் பச்சை டேப், கழிசலுக்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சள். மஞ்சளுக்கு அங்கே 'ஹோல்டு' என்று பெயர். தூக்கிப் போடவும் கூடாது, அனுப்பவும் கூடாது. சரிசெய்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த மஞ்சள் டேப் ஒரு சுருள் அவள் வீட்டு ஆணியிலும் தொங்குகிறது. கடையில் வாங்கியது என்று கேட்காமலேயே சொல்லிவிடுவாள்.

அவள் வளர்ப்பது ஏரியில் மேய்கிற சாதாரண வாத்து இல்லை. கழுத்து நீண்ட, ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டித் துரத்துகிற வெள்ளை ஜாதி. இந்தப் பக்கம் 'கூஸ்' என்பார்கள். லாரி ஷெட்டுக்கும் குடோனுக்கும் காவலுக்கு வாங்கிப் போகிறார்கள். நாய்க்குப் பிஸ்கட் போட்டு வாயை அடைக்கலாம். இதனிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அதே தெருவில் குடியிருக்கும் பாவத்துக்கு என் கெண்டைக்காலில் இரண்டு தழும்பு இருக்கிறது.

தொழிற்சாலைச் சுவரில் ஒரு பலகை உண்டாம். எதில் பழுது வந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேள் என்று எழுதியிருக்கும். மற்றவர்கள் அதைப் பலகையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இவள் கூடவே கொண்டுவந்துவிட்டாள். புருஷன் அன்பு, குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், என்னிடம் புலம்புவார்: "சோறு கொழஞ்சிபோச்சு சார். ஏன்னு கேட்டா. தண்ணி ஜாஸ்தின்னேன். ஏன் ஜாஸ்தி? போனு பாத்துகினே ஊத்திட்டேன். ஏன் பாத்த? பேஜாரு சார்! ஓட்டல்லயே துன்னுட்டு வந்துருக்கலாம்."

சிரிக்கலாம். ஆனால் போன வருஷம் அந்த ஏன்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

எளாவூரில் லாரி ஷெட் வைத்திருக்கும் துளசிராமன் எட்டு கூஸ் கேட்டிருந்தார். பொன்னேரி சந்தையில் குஞ்சாக வாங்கி, பிராய்லர் தீவனத்தை நாள் முழுக்கக் கொட்டி வளர்த்தாள். மளமளவென்று வளர்ந்தன. ஏழாவது வாரம் பார்த்தால், எட்டில் ஆறுக்கு இறக்கை நுனி வெளிப்பக்கம் திருகிக்கொண்டு நிற்கிறது. துளசிராமன் வந்து பார்த்தார். தெருவே கேட்கும்படி, "செக்கிங் வேலன்னு சொன்னியேம்மா, ஊட்ல இத்த செக் பண்ணலியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அவள் அப்போது அழவில்லை. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அழுதாள்.

அழுதுகொண்டே யோசித்திருக்கிறாள். "எட்டும் ஒரே லாட்டு சார், ஒண்ணா வாங்குனது. ரெண்டு மட்டும் ஏன் நேரா கீது?" அந்த இரண்டும் வேலி ஓட்டையில் நுழைந்து ஏரிக்கரையில் புல் மேய்ந்த திருட்டுப்பயல்கள். மற்றவற்றுக்கு ஏன் திருகியது? பிஞ்சு மூட்டு தாங்கும் முன்னே இறகு கனத்துவிட்டது. ஏன் கனத்தது? தீவனச் சத்து ஜாஸ்தி. அதை ஏன் போட்டாள்? கடைக்காரர் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? "சீக்கிரம் வளர்றதா குடுன்னு நாந்தானே கேட்டேன்! அஞ்சாவது ஏன் எப்பவும் நம்ம மேலதான் வந்து நிக்கும் சார்."

இந்த வருஷம் அவளே எளாவூருக்குப் போனாள். "பன்னெண்டு குடுக்கறேண்ணா. பத்து வாரம். ஒன்னு கோணலா இருந்தாலும் ஒன்னுகூட எடுக்காதீங்க." வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

குஞ்சுகள் வாங்கிவந்த நான்காம் நாளே வந்தது வினை. ஒரு குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துபோய், நெஞ்சு தரையில் தேய்ந்தது. ஏன்? வழுக்கல். ஏன் வழுக்கல்? குஞ்சுப் பெட்டிக்குள் அடியில் ஃபிளெக்ஸ் பேனர் விரித்திருந்தது. அன்புவின் தங்கை கல்யாணத்து ஃபிளெக்ஸ், வீணாகக் கிடக்கிறதே என்று இவளே போட்டது. மாப்பிள்ளை முகத்தின் மேல் பன்னிரண்டும் நான்கு நாளாகச் சறுக்கியிருக்கின்றன. தலையில் அடித்துக்கொண்டு ஃபிளெக்ஸை உருவிப் போட்டுக் கோணிச்சாக்கை விரித்தாள்.

நேரம் பாருங்கள், அன்றைக்கென்று துளசிராமன் அந்த வழியாக வந்து எட்டிப் பார்த்தார். "நொண்டி ஒன்னு கீதேம்மா. அப்ப நம்ம பேச்சு முடிஞ்சுது."

"ரிஜெக்ட் இல்லண்ணா. ஹோல்டு."

பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கால்களில் மெத்தென்று சுற்றி, இரண்டுக்கும் நடுவே ஒன்றரை விரல் இடைவெளி விட்டு, மேலே மஞ்சள் டேப்பால் இணைத்தாள். இனி விரிக்க நினைத்தாலும் கால் விரியாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது தேறாது ஜெனிபர்" என்றேன். "கட்டுர எழுதறது உங்க வேல. செக்கிங்க எங்கிட்ட வுடுங்க சார்" என்றாள். அன்பு வேறு ஒரு யோசனை சொன்னார்: "பொன்னேரில அதே சைசுல ஒன்னு வாங்கி உள்ள வுட்டா யாருக்குத் தெரியும்?" அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் காய்கறி நறுக்கப் போய்விட்டார். "லாட்ட மாத்தறது திருட்டுத்தனம்" என்று அவர் முதுகுக்குச் சொன்னாள்.

காலையும் மாலையும் அந்தக் குஞ்சை நிறுத்திவைத்துப் பத்து எண்ணுவாள். அது மூன்றிலேயே விழும். கட்டை அவிழ்த்துக் கால் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி கட்டுவாள். கட்டு போட்ட ஐந்தாம் நாள் ஏழு வரை நின்றது. ஆறாம் நாள் கட்டில்லாமல் விட்டதும், தள்ளாடித் தள்ளாடித் தண்ணீர்க் கிண்ணம் வரை போய், மூக்கை முக்கி, எங்கள் மேல் உதறியது. "ஏய்! நடந்துட்டாண்டா!" என்று ஜெனிபர் போட்ட சத்தத்தில் அன்பு கரண்டியோடு ஓடிவந்தார். எனக்கும் கண் கலங்கியது, சொன்னால் என்ன?

அப்புறம் தீவனம் அளவாக. மீதி எல்லாம் நறுக்கிய அறுகம்புல், முருங்கைக்கீரை, தவிடு. புல் செரிக்க ஒரு தட்டில் ஆற்று மணல். மூன்றாவது வாரத்திலிருந்து ஏரிக்கரை. மாலையில் ஷிப்டு முடிந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், பன்னிரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டு அவள் கரையேறுவாள். தினமும் காலையில் செக்கிங் நடந்தது. குஞ்சுகள் உள்ளங்கையில் அடங்காமல் மடிக்கு வந்தன. மடியிலும் அடங்காமல் போனபோது பத்து வாரம் ஆகியிருந்தது.

துளசிராமன் 'குட்டி யானை' மினி லாரியோடு வந்தார். காலை ஆறு மணி. பன்னிரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மனிதர் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்து மடித்தார். ஒவ்வொன்றும் விட்டவுடன் சிக்கென்று முதுகில் படிந்தது. பன்னிரண்டாவதை விட்டுவிட்டு நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"ரெக்க ஒன்னும் சொல்றதுக்கு இல்லம்மா. அந்த நொண்டி எங்க? மாத்திட்டியா?"

"இதுலதான் கீது."

"எது?"

ஜெனிபர் உள்ளே போய் ஆணியில் தொங்கிய சுருளிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் டேப் கிழித்துவந்து அவர் விரலில் ஒட்டினாள். "நீங்களே பாத்து ஒட்டுங்கண்ணா."

துளசிராமன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, துரத்தி நடக்கவிட்டுப் பார்த்தார். ஒன்று சற்றுத் தயங்கியது போலிருந்தது. டேப்பை நீட்டிக்கொண்டு கிட்டே போனார். அது அவர் வேட்டியைக் கவ்வி இழுத்துவிட்டு விறுவிறுவென்று நேராக நடந்து போய்விட்டது. தெரு சிரித்தது. மூன்று சுற்று வந்தார். எனக்கும் எதுவென்று தெரியவில்லை. பத்து வாரம் தினமும் பார்த்தவன் நான்.

"தெர்லம்மா," என்றார் கடைசியில். "எல்லாத்தையும் ஏத்து."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜெனிபர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் விரலிலிருந்து டேப்பை உரித்து, "சந்தேகம் உங்களுதுதானேண்ணா" என்று குட்டி யானையின் முன்கண்ணாடியில் ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு ஓடினாள்.