குருவம்மாளின் வலது குதிகால்

எங்கள் கம்பெனியில் குருவம்மாளை ஓடி ஜெயிக்க ஆள் கிடையாது. விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் இருக்கிறவர்களுக்கு ஓட்டம்தான் முதல் வேலை, புஸ்வாணமெல்லாம் அப்புறம்தான். அறைக்கு நாலு பேர். காலில் செருப்பு கூடாது, கொலுசு கூடாது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வேப்பமரம் வரைக்கும் ஓட வேண்டும். போர்மேன் என்ற முறையில் பதினெட்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மாசத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஓடவிட்டுப் பார்ப்பேன். குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக மரத்தைத் தொட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் நீங்க வந்து சேரலயா?" என்று என் தொந்தியைப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயசு. புருஷன் காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகியிருந்தது. ஒரே மகள் பொன்மணியைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, திருத்தங்கலில் தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டில் அய்யம்மாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே அறையில் எதிரெதிரே உட்காருவார்கள். பதினாலு வருஷம் அப்படித்தான்.

2006 ஆடி மாசம், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். தட்டைத் தூக்கிக்கொண்டு படியில் நுனிக்காலை ஊன்றி ஏறிய குருவம்மாளுக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. குதிகாலுக்குப் பின்னால் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்ததாம். எங்கள் பக்கம் காலடியில் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிந்திய மருந்து மிதிபட்டு வெடித்துவிட்டது என்று நினைத்து, "ஓடுங்க!" என்று கத்திவிட்டாள்.

பதினாறு அறையும் காலி. நானும்தான் ஓடினேன். மரத்தடியில் தலையெண்ணிப் பார்த்தால் குருவம்மாளைக் காணோம். படியில் விழுந்து கிடந்தாள். புகை இல்லை, கருகல் வாடை இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பட்டப்பகல்ல கனாக் கண்டியா? சீசன் நேரத்துல அரைநாள் போச்சே" என்று எல்லார் முன்னாலும் வைதேன். சிலர் சிரித்தார்கள். தீக்காயம் பார்த்தே பழகிய கண்ணுக்கு வேறு காயம் தெரிவதில்லை. தோலில் கீறல் இல்லை, எழுந்து நொண்டியாவது நடக்கிறாள், அப்புறம் என்ன? குனிந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். என் கட்டைவிரல் அதில் அமுங்கியது. அமுங்கியும் எனக்கு உறைக்கவில்லை. "நரம்பு பிரண்டிருக்கு. ஆனைக்குட்டத்துல பெத்தணன்ட்ட கட்டுப் போட்டுட்டு வா" என்று அனுப்பிவைத்தேன்.

பெத்தணன் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர், கைராசிக்காரர் என்று பேர். எண்ணெய் போட்டு உருவி, முட்டையும் உளுந்தமாவும் அப்பி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வாராவாரம் அவிழ்த்து மறுபடி உருவினார். நாற்பது நாள் கழித்துக் குருவம்மாள் வேலைக்கு வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. பாதத்தைத் தட்டையாக வைத்து நடந்தாள். படியேறும்போது மட்டும் இடது காலால் ஏறி வலது காலை இழுத்துக்கொண்டாள். சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன்.

புரட்டாசிக் கடைசியில் பொன்மணிக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பிரசவம். பேறுகாலம் பார்க்கப் போன குருவம்மாள் மாடிப்படி ஏறுவதை அங்கே ஜெமிமா என்ற நர்ஸ் கவனித்திருக்கிறார். குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைச்சதையை அமுக்கிப் பார்த்தார். இடது காலை அமுக்கினால் பாதம் தானாக அசைந்தது. வலது பாதம் அசையவே இல்லை. "இத்தன நாளா எங்கம்மா இருந்தீக? அறுந்தே போச்சே" என்று அந்தப் பெண் கண்கலங்கினாராம்.

மதுரையில் ஆபரேஷன். பார்க்கப் போன என்னிடம் டாக்டர் விளக்கினார். அறுந்தது குதிகாலின் தசைநார். உடனே வந்திருந்தால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கலாம். மாசக்கணக்கானதில் மேல்முனை சுருங்கி ஏறிப்போய், இழுத்தாலும் எட்டவில்லை. மேலேயிருந்து அந்த நாரிலேயே ஒரு பட்டையை வெட்டி இறக்கி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். "நல்லா நடப்பாங்க. ஓடுறதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி மாவுக்கட்டுப் போட்ட காலோடு குருவம்மாள் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக அண்ணாச்சி? சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். அதைவிட நாலு வார்த்தை வைதிருக்கலாம். வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

எட்டு வாரம் கட்டு. அப்புறம் செருப்புக்குள் ரப்பர்த் துண்டுகளை அடுக்கிக் குதிகாலை உயர்த்தி நடக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாக எடுத்துவிட வேண்டும். பாதத்தில் துவாலையைப் போட்டு இழுக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் அய்யம்மாள்தான் துணை. குளிக்க வைத்தாள், சோறு கொடுத்தாள், கால் தேறினால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டாள். தை மாசம் குருவம்மாள் கம்பு இல்லாமல் நடந்ததும் அய்யம்மாள் அப்படியே போய்விட்டு வந்தாள். சித்திரையில் குருவம்மாள் இரண்டு காலிலும் நுனிக்காலில் எழும்பிவிட்டாள். வலது காலில் மட்டும் தனியாக எழும்ப ஒருநாளும் முடியவில்லை. வெறிபிடித்த மாதிரி முயன்றுகொண்டே இருந்தாள். டப்பா ஒட்டும் கொட்டகையில் மருந்து புழங்காத வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "அங்கன போயி உக்காந்தா அம்புட்டுத்தான், நான் முடிஞ்சு போனேன்னு அர்த்தம். என் அறைக்குத்தான் வருவேன்" என்றாளாம்.

மறு வருஷம் ஆனியில் வந்து நின்றாள். "ஓட விட்டுப் பாருங்க அண்ணாச்சி." அவளோடு அவள் அறைக்காரிகள் மூணு பேரையும் சேர்த்தே ஓடவிட்டேன். விசில் ஊதியதும் குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். இடது கால் உந்தியது, வலது கால் சப்பென்று தரையில் அறைந்தது. பாதி வழியில் அய்யம்மாள் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் மெதுவானார்கள். நாலு பேரும் சேர்ந்தாற்போல மரத்தைத் தொட்டார்கள். குருவம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. தரையைப் பார்த்தே ஓடியவள், பிந்தாமல் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அய்யம்மாள் மட்டும் என்னிடம் வந்தாள். கும்பிடப் போகிறவள் மாதிரி நின்றாள். "அண்ணாச்சி, அவள எங்க அறையில போடாதீக. நெசமாவே ஒண்ணு ஆச்சுன்னா அவள விட்டுட்டு எனக்கு ஓட வராது. நாலு பேரும் போயிருவோம். நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் குருவம்மாளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து டப்பாக் கொட்டகை என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"யாரு வேணாம்னது? அய்யம்மா எதும் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நான்தான் வேணாம்ங்கேன்."

"நீங்க நல்லா இருப்பீகளா அண்ணாச்சி? எங்காலையும் எடுத்தீக, இப்ப எம்பொழப்பையும் எடுத்துட்டீக."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிப்போக அய்யம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். குருவம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.