விசேஷ வீட்டு கேசட்

முதலில் கண்ணாடி டம்ளரும் டம்ளரும் உரசும் சத்தம் வரும். பிறகு யாரோ நாற்காலியை இழுப்பார்கள், ஓர் ஆண் தொண்டையைச் செருமுவார், தூரத்தில் ஒரு பெண் எதற்கோ சிரிப்பாள், அந்தச் சந்தடிக்கு நடுவிலேயே, யாரும் ஆரம்பிக்கச் சொல்லாமல், ஒரு கிட்டார் தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிடும். நான் வளர்ந்த ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இந்தச் சத்தங்கள்தான். கறிக்குழம்பு வாசனை எல்லாம் அப்புறம்.

அந்த கேசட் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஏமாந்துபோய்த்தான். பெங்களூரில் பிளாட்பாரக் கடையொன்றில் பழைய தமிழ்ப் பாட்டு என்று நம்பி அப்பா வாங்கிவந்தார். டப்பா தமிழாகத்தான் இருந்தது, உள்ளே இருந்ததுதான் வேறு. "ஏமாத்திட்டான், பட்டப்பகல்ல ஏமாத்திட்டான்" என்று அவர் குதிக்க, அம்மாவோ காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏட்டி, இது யாரு வீட்டு விசேஷமோ? பந்தியில டம்ளர் வைக்கிற சத்தம் கேக்குது பாரு" என்றாள். ஏதோ பணக்காரர் வீட்டுக் கல்யாணக் கச்சேரியைப் பதிவு செய்த கேசட் தவறிப்போய்ப் பழைய சாமானோடு சேர்ந்துவிட்டது என்பது அவள் தீர்ப்பு. பாவம், தேடிக்கொண்டிருப்பார்கள் என்று சில நாள் வருத்தப்படவும் செய்தாள். அன்றிலிருந்து அது "விசேஷ வீட்டு கேசட்". செருமுகிறவர் பொண்ணுக்குப் பெரியப்பா. சிரிக்கிறவள் மாப்பிள்ளையின் தங்கை, கொஞ்சம் வாய்த்துடுக்கு. அந்த இசைக்கு ஜாஸ் என்று பெயர் என்பதே என் காதில் விழுந்தது எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

எனக்கு அப்போது ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. "காலில் சக்கரம் கட்டினவ" என்று அம்மா சொல்வாள், எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால் "செவிடன் காதில் ஊதின சங்கு" என்றும் சொல்வாள். அந்த கிட்டாரும் என் ஜாதிதான் என்று எனக்குப் பட்டது. ஒரு மெட்டைப் பிடிக்கும், பிடித்த கையோடு அதை விட்டுவிட்டு ஓடும், காம்பவுண்டுச் சுவரின்மேல் ஓடுகிற பிள்ளை இதோ விழப்போகிறது என்று நாம் பதறும் நேரத்தில் விழாமல் இறங்கிச் சிரிக்கும். அங்கே கூட்டம் கைதட்டும். இங்கே அப்பாவும் சேர்ந்து தட்டுவார், சுவர் அதிரத் தட்டுவார். "மொய் எழுதாத ஆளுக்குக் கைதட்டு வேற" என்று அம்மா கேலி செய்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்ல எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியவில்லை.

அப்பாவுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வேலை தேடி ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். தகட்டின்மேல் இரும்பு இறங்கி இறங்கி ஏறும் வேலை. எங்கள் லைனில் எந்த வீட்டு ஆள் எந்த டிபார்ட்மெண்ட் என்று உள்ளே போகாமலே சொல்லிவிடலாம்: பெயிண்ட் ஷாப் வீட்டில் இருமல் கேட்கும், பிரஸ் ஷாப் வீட்டில் உப்பைக் கேட்பதுகூடச் சண்டை பிடிப்பதுபோலக் கேட்கும். காதில் வைக்கக் கொடுத்த அடைப்பானை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "அதை மாட்டுனா மிஷின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதுகூட. நான் யாரைக்கொண்டு பிறந்தேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் ஓரிடம் உண்டு. கூட வாசிக்கிறவர்கள் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கிட்டார் மட்டும் மெதுவாக, இன்னும் மெதுவாக, ஒற்றை ஒற்றைச் சுரமாக இறங்கிப் போகும். பெரியப்பா செருமமாட்டார், தங்கைக்காரி சிரிக்கமாட்டாள், பந்தியே கையைக் கட்டிக்கொண்டு கேட்கும். ஒரு நிமிஷமாவது நானும் அசையாமல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்து டேப்பை நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சிக்கவும் இல்லையே. அழிஞ்சுபோச்சு போல" என்று மறுபடி ஓடவிட்டார். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது, அம்மாவுக்குக் கேட்டது. திடீரென்று அங்கே கைதட்டல் வெடிக்க, அப்பா திடுக்கிட்டுப் போய், "ஒண்ணுமே வாசிக்காம எதுக்குத் தட்டுறாக?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, "வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. உங்களுக்குத்தான் கேக்கலை" என்றாள்.

அப்பா நம்பவில்லை. இரண்டு பொம்பளைகள் சேர்ந்துகொண்டு விளையாடுகிறோம் என்றார். நியாயம் கேட்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார் பாருங்கள், அதுதான் வேடிக்கை: அதே பிரஸ் ஷாப்பில் பக்கத்து மிஷினில் நிற்கும் நாகராஜ் மாமா! எல்லைக்கு அந்தப்புறத்து ஆள், கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவார். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டுவிட்டு, "ஏனூ இல்லா அண்ணா. காலி டேப்பு" என்று கையை விரித்தார். அப்பா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். இருவரும் காபி குடித்துக்கொண்டு, கேசட் விற்றவனை உரத்த குரலில் திட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவுக்கு அழுகை மட்டும்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அம்மா பாத்திரங்களை எடுத்த இடத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தாள். சங்குப் பழமொழியை அவள் வாய் அதன்பிறகு சொல்லவே இல்லை. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பேன், அவர் திரும்பமாட்டார், உடனே தெருவுக்கு ஓடிவிடுவேன். கடைசியில் ஒரு காலை, சோற்றுத் தூக்கைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "இன்னைக்குக் கிட்டாரு போச்சு. நாளைக்கு இவ கூப்புட்டாலும் உங்களுக்குக் கேக்காது. வேற டிபார்ட்மெண்ட் கேளுங்க. இல்லேன்னா நானே கம்பெனி கேட்டுக்கு வந்து நின்னு கேப்பேன்." பெண்டாட்டி கேட்டில் வந்து நிற்பதைவிட வேறு அவமானம் அவருக்கு இல்லை. பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டார்.

மாற்றிக்கொண்டாரே தவிர, மனம் மாறவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கூண்டில் போட்டதுபோலத் தவித்தார். எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முடியும்: "காலி டேப்பை வச்சு என்னைய பிரஸ்ஸ விட்டு எறக்குனவதான நீ!" கேசட் பரணுக்குப் போயிற்று. நான் விடுவேனா? எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காவேரிப்பட்டினத்து அக்காவிடம் ஓடுவேன். "என்னா கண்ணு இது, பாடுறவங்களே இல்ல, ஆனா ஒரு எடத்துல உக்கார வுட மாட்டேங்குதே" என்று அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். வீட்டில் தடை என்றதும் அந்த இசை எனக்கு இன்னும் இனித்தது. ஆனால் அந்த மெதுவான இடம் வரும்போது மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அதைக் கேட்டால் முந்தானையைச் செருகிக்கொண்டு அம்மா அவர் முன்னால் நின்ற கோலம் நினைவுக்கு வந்துவிடும்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. அந்த இடத்தில் நிற்கும் மாடிக் கட்டடத்தில் ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் ஆளுக்கொரு இயர்போனோடு இருக்கிறார்கள். எந்த அறையில் யார் என்ன கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேசட் வீடு மாற்றியபோது தொலைந்தது. நாகராஜ் மாமா ஊரோடு போய்விட்டார். அம்மா இறந்துவிட்டாள்.

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பெண் தன் போனில் எதையோ ஓடவிட, டம்ளர் உரசும் சத்தம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயர் பெற்ற கிட்டார் கலைஞர் ஒருவரின் ஆல்பமாம். மது விடுதியில், ஆட்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்ததாம். அம்மாவின் பந்தி சாராயப் பந்தி! தெரிந்திருந்தால் கேசட்டை அடுப்பில் போட்டிருப்பாள்.

அப்பாவுக்குப் புதிதாகக் காது மிஷின் வாங்கியிருந்தோம், போனில் ஓடுவது நேரே காதுக்குள் போகிற மாதிரி. ஒரு மத்தியானம், என்ன ஏது என்று சொல்லாமல் அதில் ஓடவிட்டேன். டம்ளர் சத்தம் வந்ததும் என்னை முறைத்துப் பார்த்தார். "விசேஷ வீடா?" என்றார். கால் பழையபடி தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கூட வாசிக்கிறவர்கள் நிறுத்தினார்கள். கிட்டார் மட்டும் இறங்கத் தொடங்கியது. அப்பாவின் கால் நின்றது. நான் ஒன்றும் பேசாதபோதே, பேசாதே என்று எனக்குக் கை காட்டினார்.

முடிந்ததும் காது மிஷினை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "வாசிச்சிருக்காரு" என்றார். எழுந்து பால்கனிக்குப் போனார், உடனே திரும்பி வந்தார். படுக்கையறைக்குள் போய் வெளியே வந்தார். சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனி அவகிட்ட எப்படிட்டி சொல்றது?"

"தெரியலைப்பா" என்றேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.