காற்று நின்ற ஐம்பத்தைந்து நிமிடங்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் போய்ப் படுத்துத் தூங்குங்கள். நான் கதை கட்டவில்லை. இது என் மச்சினனுக்கு நடந்தது. மூன்று மாதம் கழித்து அவனே அழுதுகொண்டே என்னிடம் கக்கினான். தீவு அலுவலகத்தில் கிளார்க். ஊரில் அவனுக்கு 'டிக் சார்' என்று பெயர். எந்த வேலையையும் செய்யாமலே செய்ததாக டிக் போடுவதில் மன்னன்.

புயல் அன்று மேட்டில் இருந்த பள்ளிக்கூடம்தான் முகாம். வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்து பட்டியலில் குறிப்பது இவன் பொறுப்பு. துரைக்கு ஷூ நனைந்துவிடுமாம். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிப் பக்கம் முழுக்க டிக் போட்டுத் தள்ளினான். அதில் கடற்கரையோரம் தனியாக இருந்த தையல்காரம்மாவும் ஒருத்தி. கால் சரியில்லாமல் கோல் ஊன்றி நடப்பவள்.

பதினொன்றே முக்காலுக்குக் காற்று பிடித்தது. அவள் தம்பி, போட் மெக்கானிக், வயசானவர்களைத் தூக்கி வந்தபடியே கேட்டான், அக்கா வந்தாச்சா என்று. பெண்கள் எல்லாரும் கோடி ரூமில் இருக்கிறார்கள், அவளும் அங்கேதான் என்று தலை நிமிராமல் சொன்னான் இவன். கூசாமல் சொன்ன பொய்.

1.10. காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட அடித்தது. புயலின் நடுப்பகுதி அது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கக் காற்று வரும் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. நேரே போய்க் கோடி ரூம் கதவைத் தட்டினான். மச்சினன் பட்டியலை மடக்கிச் சட்டைக்குள் செருகினான். குட்டு உடையப் போகிறதே...

"அக்கா, உள்ளயா இருக்க?"

"இருக்கேன்டா. நீ போ."

அவள் குரலேதான். மெக்கானிக் நிம்மதியாக மாடித் தகரத்தை இறுக்கிக் கட்ட ஏறிவிட்டான். நம்ம ஆள்? தான் சொன்னது பலித்துவிட்டதென்று மீசையைத் தடவிக்கொண்டான். வெட்கங்கெட்டவன்.

1.30. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அந்தக் கதவைத் தள்ளினான்.

ஆள் இல்லை.

மாடிக்கு ஓடினான். பெண்கள் எல்லாரும் அங்கே. ஜன்னல் உடைந்ததால் பன்னிரண்டரைக்கே மேலே வந்துவிட்டார்களாம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தையல்காரம்மா இல்லை.

கீழே வந்தான். காலி ரூம். வாசலில் நின்றான்...

"இருக்கேன்டா. நீ போ."

தரையோரத்திலிருந்து வந்தது.

அதே இழுவை. அதே நிறுத்தம்.

கதவைச் சாத்தினான்.

மணி 1.38. கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடை. தலைக்கு மேலே தம்பி சுத்தியல் அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடுமே! நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான், கோழை.

2.05. எதிர்ப்பக்கக் காற்று. கூடவே கடல்.

மறுநாள் காலை அவளைப் பரணில் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய அளவு நோட்டு. யாருடைய தோள், இடுப்பு அளவுகளுக்கோ கீழே பென்சில் எழுத்து. நானே படித்தேன்.

'1.15. காற்று நின்றது. கோலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறேன்.'

'1.20. வாசலில் தம்பி குரல். வந்துட்டேன்க்கா, நீ உள்ளயே இரு என்கிறான்.'

'2.00. இன்னும் வாசலில்தான் நிற்கிறான். கதவைத் திறக்காதே என்கிறான்.'

1.20-லிருந்து 2.00 வரை மெக்கானிக் மாடித் தகரத்தின் மேல் இருந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான்.