நாலாவது பிஸ்டன்

எங்கள் ஷெட்டில் என் கணவரின் அக்காவான அண்ணிக்கு ‘இன்னொண்ணு’ என்று பட்டப்பெயர். எந்த வேலை முடிந்தாலும் “இன்னொண்ணு பாத்துருவோம்” என்பார். முன்பு இங்கேயே கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். ஒரு தையல் விட்டுப்போனால் ஓரம் முழுக்கப் பிரிந்துவிடும். இன்ஜின் வேலைக்கு மாறியபோது அந்தப் பயத்தையும் கூடவே கொண்டுவந்தார். நான் அதே ஷெட்டில் பாகங்களை டீசலில் கழுவுகிறேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அண்ணி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் ஒரு பழைய பந்தயக் காரை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை ஏற்றித் தரச் சொன்னார். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், கம்பெனி போட்டது என்றால், உருக்கி அச்சில் ஊற்றியது. அந்த அழுத்தத்தில் உடையும். ஓட்டத்தில் உடைந்தால் ஆயில் சக்கரத்தடியில் கொட்டி, வண்டி எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடித்து இறுக்கியது, தாங்கும். உள்ளே இருப்பது ஃபோர்ஜ்டு என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

“நானே உள்ள குட்டிக் கேமரா விட்டுப் பாத்துட்டேன்கா. ஃபோர்ஜ்டுதான்.”

“எத்தனை பாத்தே?”

“முதல் சிலிண்டர். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்.”

“ஒரே பானையில வெந்திருந்தா சரி. நாலும் அப்படித்தான் வெந்துச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது?”

“உனக்குப் பேரு வச்சவன் வாயில சர்க்கரை போடணும்.”

சனிக்கிழமை காலை, ஆறிப்போயிருந்த இன்ஜினை அண்ணி ஓடவிட்டார். ஃபோர்ஜ்டு சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி விட்டுப் பொருத்துவார்கள். குளிரில் கடகடவென்று தட்டும், சூடேறினால் அடங்கும். அதேபோல் தட்டியது, அடங்கியது. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“சத்தமே சொல்லிடுச்சே.”

“எத்தனை பிஸ்டனோட சத்தம்னு சொல்லலையே.”

இன்ஜின் மேல் வைத்திருந்த ஸ்பேனர் அதிர்வில் ஓரத்தை நோக்கி ஊர்ந்ததை நான் மெதுவாகச் சொன்னேன்.

“நானும் பாத்தேன்மா. ஏதோ ஒரு பிஸ்டன் எடை மத்ததோட சேரல.”

நாலாவது சிலிண்டர் குழாய்களுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருந்தது.

“அதைத் திறக்கவே அரை நாள் போயிடும். நாளைக்குப் பந்தயம்கா.”

“அதனாலதான் இன்னைக்கே பாக்கணும்.”

அண்ணி குழாய்களைக் கழற்றி வழி செய்தார். கேமராவில் முதல் மூன்று பிஸ்டன்களின் தலையிலும் கடைசல் வரிகள் தெரிந்தன. வால்வுப் பள்ளங்களின் விளிம்பு வெட்டியதுபோல் கூராக இருந்தது. நாலாவதில் விளிம்பு அச்சில் ஊற்றியதுபோல் மழுங்கியிருந்தது.

“கரி படிஞ்சிருக்கு, அதான்,” என்றார் இவர்.

அண்ணி வாதாடவில்லை. ஆயிலை வடித்து, அடியில் இருந்த ஆயில் தொட்டியைக் கழற்றி, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றின் அடிப்பக்கமும் வழவழப்பு. நாலாவது சொரசொரப்பாக இருந்தது, ஊற்றிய அச்சின் எழுத்துகள் புடைத்து நின்றன.

“நீயே வந்து படுத்துப் பாருடா.”

இவர் படுத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“முன்ன ஒண்ணு உடைஞ்சிருக்கும். கையில கிடைச்சதை மாட்டியிருக்காங்க,” என்றார் அண்ணி.

“அழுத்தத்தைக் கொஞ்சமா ஏத்திக்கலாமேக்கா.”

அண்ணி டர்போ அழுத்தம் கூட்டும் திருகைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டார். இவர் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு ஷெட்டை விட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் பந்தயத்தில் இருந்தபோது நாங்கள் மூவரும் இன்ஜினை இறக்கினோம். இன்ஜினைத் தூக்கும் சங்கிலியை இழுத்தவர் இவர்தான். நாலாவது பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை.

“பாரு, நல்லாத்தான இருக்கு? வீணா ஒரு பந்தயம் போச்சு.”

“நல்லா இருக்கறப்பவே கழட்டணும்டா. உடைஞ்ச அப்புறம் அள்ளுறதுக்கு நான் எதுக்கு, ஒரு சாக்குப்பை போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிஸ்டனைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தேன். புதிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் வந்து, நாலையும் இவரே தராசில் வைத்து எடை ஒன்றே என்று காட்டிய பிறகுதான் திருகு அண்ணியின் பையிலிருந்து வெளியே வந்தது.